மாப்பிள்ளை வந்தார், சோபா போயிற்று

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் சம்பந்தி அம்மாளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வேலை பார்த்த காலம் முழுதும் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். தப்பு என்று தெரிந்த சொல்லைக் கை எழுத மறுக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஊரின் அந்தக் கோடியில் நீங்கள், இந்தக் கோடியில் நாங்கள், அவ்வளவுதானே. ஆனால் தங்கள் வீட்டில் போனை எடுப்பது சம்பந்தி அம்மாள். 'எப்படி இருக்கீங்க, சாப்பிட்டாச்சா' என்று அவர்கள் கேட்டதும் என் கோபத்தில் பாதி இறங்கிவிடுகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது. ஆகவே கடிதம்.

விஷயம் தங்கள் குமாரரைப் பற்றியது. தங்கமானவர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் இடமிருக்குமோ என்னவோ. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்ணை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார், வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவார், கூடத்து சோபாவில் ஒரு குட்டித் தூக்கம் போடுவார், எழுந்து காபி குடித்துவிட்டு 'வரோம் அத்தை' என்று கிளம்புவார். கண்ணைச் சுழற்றிச் சுழற்றி வீட்டைப் பார்ப்பாரே தவிர என்னிடம் அதிகம் பேசமாட்டார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது கணக்கெடுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் மாநகராட்சியில் நிலுவை வசூல் பிரிவில் இருப்பது தாங்கள் அறிந்தது. அதே மாநகராட்சிக்கு நான் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் எதையும் சில வருடங்களாகக் கட்டாமலிருப்பது தாங்கள் அறியாதது. பணமில்லாமல் அல்ல, சம்பந்தி. கொள்கை! எங்கள் சந்து குறுகலானது. குப்பை வண்டி உள்ளே நுழையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு முனை வரைக்கும் நடப்பது நான். நடக்கிறவன் நான், கூலி அவர்களுக்கா? அந்த ஒன்றுக்காக மற்ற இரண்டையும் சேர்த்து நிறுத்திவைத்தேன். நோட்டீஸ் வந்தது. நோட்டீஸா அது? 'கழிவுநீர்க் கட்டணம்' என்பதற்கு 'கனிவுநீர்க் கட்டணம்' என்று அடித்திருந்தார்கள். வரி ஏய்ப்பவர் என்று என்னைத் திட்டவேண்டிய இடத்தில் 'வரி மேய்ப்பவர்' என்று இருந்தது. கடைசி வரியில், 'மேற்படி தொகையை உடனடியாகக் கொளுத்தவும்.' சொன்னபடி செய்திருந்தால் யார் பொறுப்பு? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சிவப்பு மையில் ஒவ்வொன்றையும் திருத்தி, ஓரத்தில் 'பிழை நீக்கி மறுபடி அனுப்பினால் பரிசீலிக்கப்படும்' என்று எழுதி, என் செலவில் தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பினேன். அடுத்த நோட்டீஸ் வந்தது. அதில் அந்தப் பிழைகள் அப்படியே இருந்தன, புதிதாகவும் சில சேர்ந்திருந்தன. அதையும் திருத்தி அனுப்பினேன். இப்படியே எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தபாலில் வருவது அது ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் தங்கள் குமாரரை எங்கள் வட்டத்துக்கே மாற்றினார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மாப்பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டையோடு, பின்னால் ஒரு ஆளோடு. என் வீட்டுக்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "என்னங்க இது, மாப்பிள்ளையை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறீங்க? உள்ள வாங்க மாப்பிள்ளை, காபி போடறேன்" என்றாள்.

"இல்ல அத்தை. நான் இப்ப மாப்பிள்ளையா வரல. ஆபீஸா வந்திருக்கேன்."

"ஆபீஸ் காபி குடிக்காதா?"

"பாக்கி வெச்சிருக்கிறவங்க வீட்டுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுன்னு ரூல் அத்தை."

முந்தின நாள் மத்தியானம் இதே வீட்டில் மூன்றாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் சொல்கிறார்! அவர் வாசற்படியைத் தாண்டாமலே, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், பக்கத்து ஆளிடம் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். "ஃபிரிட்ஜ் ஒண்ணு, கதவு ரப்பர் தளர்ந்திருக்கு. வாஷிங் மெஷின் ஒண்ணு, சத்தம் போடும், ஆனா ஓடும். சோபா, மூணு பேர் உக்கார்றது, ரொம்ப நல்ல கண்டிஷன்."

"மாப்பிள்ளை, நேத்து நீங்க படுத்துத் தூங்கின சோபா அது."

"ஆமா மாமா. அதனாலதான் உறுதியா சொல்றேன்."

அந்த வாரத்திலேயே தண்ணீரை நிறுத்தினார்கள். சம்பந்தி, இந்த மாநகராட்சிக்கு நான் இத்தனை வருடம் தண்ணி காட்டினேன். அவர்கள் எனக்கு அதைக் கூடக் காட்டவில்லை. குழாயைத் திறந்தால் இருமல் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒருவர்தான் ஆறுதல். அவரும் பாக்கி, ஆனால் மொட்டை மாடியில் பெரிய தொட்டி வைத்திருப்பதால் கவலையில்லாத பாக்கி. "விட்டுக்குடுக்காதீங்க சார், நாங்கெல்லாம் உங்களைப் பார்த்துதான் தைரியமா இருக்கோம்" என்று ஜன்னலிலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அதைக் கேட்டு எனக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை. ஆனால் தண்ணீர் ஒரு குடம் கொடுத்தாரா? கொடுக்கவில்லை. நம் பெண்தான் ஸ்கூட்டரில் இரண்டு கேன் கொண்டுவந்து இறக்கினாள். அப்பா பக்கம் நிற்கிறாளே என்று உச்சி குளிர்ந்து போய், "பார்த்தியாம்மா உன் வீட்டுக்காரர் பண்ற வேலையை?" என்றேன். அவள் கேனைத் தொப்பென்று வைத்தாள்.

"அவர் பண்ற வேலையா? நீங்க பண்ற வேலைப்பா. அவர் ஒவ்வொரு வீடா போய் நிக்கறார். கதவைத் தொறந்ததும் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க. 'முதல்ல உங்க மாமனார் கட்டட்டும் சார், அப்புறம் எங்ககிட்ட வாங்க.' என்னால முடியாது, வேற வட்டம் குடுங்கன்னு ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தார். தரல. தூங்கறதே இல்ல மனுஷன்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சோபாவில் தூங்குகிறாரே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். மனதில் ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியதையும் தங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. இத்தனை வருடம் பிடித்த பிடியை இரண்டு கேன் தண்ணீருக்காக விட்டுவிட முடியுமா?

பிறகுதான் வேன் வந்தது. ஊரெல்லாம் இப்போது இதுதான் புது ஏற்பாடாம். பாக்கிக்காரர் வீட்டு வாசலில் ஒலிபெருக்கி கட்டிய வேனை நிறுத்தி, முதலில் கொஞ்சம் இசை, பிறகு பெயர், வீட்டு எண், பாக்கி விவரம் எல்லாவற்றையும் தெருவே கேட்க அறிவிப்பது. குப்பை வண்டி நுழைய முடியாத எங்கள் சந்தில் அந்த வேன் எப்படி நுழைந்தது என்கிறீர்கள்? பின்பக்கமாக, பல் டாக்டரின் பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நுழைந்தது. முதலில் டாக்டருக்கு அறிவித்தார்கள். பெயர், தொகை, 'கட்டவும்'. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்தது நான். மாமனாரை மரியாதைக் குறைவாகச் சொல்லிவிடக் கூடாது என்று மாப்பிள்ளை மைக்காரரிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார். விளைவு என்ன? 'பெருமதிப்பிற்குரிய, முதுபெரும், அச்சுத்துறையில் அரும்பணி ஆற்றிய, நமது அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்கள், தயவுகூர்ந்து, பெரிய மனது பண்ணி...' என்று பல்லக்கில் வைத்துத் தூக்கி, கடைசியில் பாக்கியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். டாக்டரின் மானம் ஒரு நிமிடத்தில் போயிற்று. என்னுடையது ஆற அமர, சகல மரியாதைகளுடன் போயிற்று. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஜன்னலும் திறந்துவிட்டன.

அதையாவது பொறுத்திருப்பேன். அந்த மைக்காரர் 'நிலுவை' என்பதை 'நிளுவை' என்கிறார். 'குழாய்' அவர் வாயில் 'குலாய்' ஆகிவிட்டது. ஒரு தரம் கேட்டேன், இரண்டாம் தரம் காதைப் பொத்திக்கொண்டேன், மூன்றாம் தரம் செருப்பைக் கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினேன். நான் பணம் கட்டத்தான் வருகிறேன் என்று நினைத்து மாப்பிள்ளை முகமெல்லாம் மலர்ந்து நின்றார். நான் நேரே மைக்காரரிடம் போய், "தம்பி, நாக்கை மடிக்காதீங்க. நி-லு-வை. எங்க, சொல்லுங்க" என்றேன். சொன்னார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். நான் கற்றுக்கொடுத்ததும் அவர் திருப்பிச் சொன்னதும், "சபாஷ், இப்ப என் பேரைச் சேர்த்துச் சொல்லுங்க" என்று நான் தூண்டியதும், எல்லாம் நான்கு தெருவுக்குக் கேட்டிருக்கிறது. என் வீட்டுக்காரி எங்கள் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

மறுநாள் ஜப்தி. தூக்குகிறவர்கள் இரண்டு பேரோடு மாப்பிள்ளை வந்தார். ஃபிரிட்ஜை எடுத்தால் அத்தைக்குக் கஷ்டம் என்று சோபாவோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார், அவ்வளவு கரிசனம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பையில் துண்டு, சோப்பு, மாற்றுத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, கொஞ்சம் எழுந்திரிங்க."

"எதுக்கு மாப்பிள்ளை? உங்க ஆபீஸ்ல தண்ணி வருதா?"

"வருது அத்தை."

"ஃபேன் இருக்கா?"

"இருக்கு..."

"அப்ப என்னையும் சேர்த்து எழுதிக்குங்க. இந்த வீட்டுல இந்த சோபா எவ்வளவு காலமா ஒரே இடத்துல கெடக்கோ அவ்வளவு காலமா நானும் கெடக்கேன். ஒரு நாள் வெளியில போயிட்டு வரோம் ரெண்டு பேரும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். தூக்குகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அரசாங்க வேலை நிற்கக்கூடாதே. "மெதுவா தூக்குங்கப்பா" என்றார். சம்பந்தி, என் கண் முன்னால், நான் தாலி கட்டிய மனைவி, சோபாவில் உட்கார்ந்தபடி, பையை மடியில் வைத்துக்கொண்டு, சந்து வழியாக ஊர்வலம் மாதிரி போனாள். பல் டாக்டரின் மனைவியைப் பார்த்துத் தலையை வேறு அசைத்தாள். என்னை? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் நான் மட்டும். உட்காரச் சோபா இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல ஆளில்லை. இந்த மூன்றாவது இவ்வளவு பெரிய குறையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நின்றுகொண்டே கொஞ்ச நேரம் பேப்பர் படித்துப் பார்த்தேன். பேப்பரில் ஒரு பிழை இருந்தது. 'இதைக் கேளேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கேட்க யார்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாநகராட்சி அலுவலகத்தில் கூடத்தின் நட்டநடுவில், ஃபேனுக்கு நேர் கீழே சோபா. அதில் இவள், குளித்து, தலையை உலர்த்திக்கொண்டு! இரண்டு பக்கத்திலும் கவுன்டர் பெண்கள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுகிறார்கள். வரிசையில் நிற்கிற ஜனங்கள் இவளை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு வழி கேட்கிறார்கள். இவளும் அசராமல், "வீட்டு வரி அந்தக் கடைசி கவுன்டர். தண்ணிக்கு இந்தப் பக்கம். சில்லறையைக் கையில எடுத்து வெச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தி, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"எப்படி வர முடியும்? நான் ஜப்தியான பொருள். கட்டி மீட்டுக்கிட்டுப் போங்க."

"எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நேத்து உங்களை நாலு தெரு கேட்டுச்சே, அதை விடவா?" சொல்லிவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "என்னங்க, அந்தப் புள்ளை காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல. நான் இங்க உக்காந்திருக்கேன்னு அந்தத் தூணுக்குப் பின்னாடியே நிக்குது. உங்க கொள்கை எல்லாம் எனக்கும் தெரியும். போதுங்க."

தூணுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் சட்டைக் கை தெரிந்தது. நான் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குப்பை வண்டி விவகாரத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். சத்தம் கேட்டு வருவாய் அதிகாரி அம்மாளே வெளியில் வந்துவிட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, வண்டி வராத தெருவுக்குக் குப்பைக் கட்டணம் கிடையாதுன்னு விதியே இருக்கு. ஒரே ஒரு மனு எழுதிக் குடுத்திருந்தா அன்னைக்கே கழிச்சிருப்போமே!" என்றார். இத்தனை வருடம் நோட்டீஸ் நோட்டீஸாகத் திருத்தினேனே ஒழிய, ஒரு மனு எழுதவில்லை. குப்பைக் கட்டணத்தைக் கழித்தார்கள். மீதியைக் கட்டினேன். ரசீது கொடுத்தார்கள். அதில் 'நன்றி' என்பதற்கு 'நன்ரி' என்று இருந்தது. பேனாவை எடுத்துவிட்டேன், இவள் ஒரு பார்வை பார்த்தாள், திரும்பச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். ஆனால் அதிகாரி அம்மாள் கவனித்துவிட்டார். "நீங்கதானா அந்தச் சிவப்பு மை?" என்று கேட்டுச் சிரித்தவர், வேனில் வாசிப்பதை எழுதித் தரவும், முடிந்தால் வாசித்துக் காட்டவும் வருகிறீர்களா, தினப்படி உண்டு என்றார். எனக்கு வந்ததே கோபம்! புலி பசித்தாலும் புல்லைத் தின்னுமா? அடுத்தவன் வாசலில் நின்று மானத்தை வாங்குகிற வேலைக்கு நானா? "அம்மா, என்னை என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சோபாவை எடுத்துப் போவதற்குத்தான் அலுவலக வண்டியாம். திருப்பிக் கொண்டுபோக அவரவர் செலவாம். வாடகைக்கு ஒரு சின்ன வண்டி பிடித்தேன். சோபாவுக்கும் இவளுக்கும் அதில் இடமிருந்தது, எனக்கு இல்லை. மாப்பிள்ளை ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க மாமா. இப்ப மாப்பிள்ளையாதான் கூப்பிடறேன்" என்றார். பின்னால் உட்கார்ந்தேன். சந்து முனையில் நிறுத்தி, திரும்பாமலே சொன்னார்: "மாமா, நீங்க கட்டினீங்கன்னு தெரிஞ்சதும் எதிர்வீட்டு டாக்டர் போன்லயே கட்டிட்டாராம். எவ்வளவு கட்டணும்னு இன்னும் பத்து வீட்டுல கேட்டிருக்காங்க. மன்னிச்சுடுங்க மாமா. வேற வழி தெரியல." "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். பாக்கி தீர்ந்துவிட்டபடியால் சாப்பிட்டார்.

ஆனாலும் சம்பந்தி, நியாயம் என்று ஒன்று உண்டு. மனசு இளகினது வேறு, மானம் போனது வேறு. மாமனார் வீட்டு வாசலில் மைக் வைக்கலாமா? மாமியாரைச் சோபாவோடு தூக்கலாமா? தாங்கள் பெற்ற தகப்பன். தங்கள் சொல்லுக்குத்தான் அவர் அடங்குவார். கூப்பிட்டு உட்கார வைத்து, 'உறவு வேறு, உத்தியோகம் வேறு என்று பேசுவது ஏட்டுக்குத்தான் அழகு. சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் அந்த வேனைக் கொண்டுபோகாதே' என்று நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லவேண்டும். அந்த வேன் ஒழிகிற வரைக்கும் என் மனம் ஆறாது.

சம்பந்தி அம்மாளுக்கு என் வீட்டுக்காரி வணக்கம் சொல்லச் சொன்னாள். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்றும் கேட்டாள். பிள்ளைகள் இருவரும் ஒற்றுமையாக, நீண்ட ஆயுளோடு, குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நாம் நால்வரும் சேர்ந்தே வாழ்த்துவோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறவாத,
மனம் நொந்த சம்பந்தி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, தபால்பெட்டிக்குக் கொண்டுபோகாமல் ஒரு வாரம் மேஜையிலேயே வைத்துவிட்டேன். காரணம், நேரமில்லை. அதிகாரி அம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்து அந்த வேன் வேலைக்கு மறுபடி கேட்டார்கள். நான் மறுப்பதற்குள் என் வீட்டுக்காரி, "நாளைக்கே வருவார், கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். இப்போது வேனில் எழுதுவதும் நான், வாசிப்பதும் நான். நேற்று ஒரு தெருவில் ஜன்னலைத் திறந்து கைதட்டினார்கள். ஒருவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன்பிறகு கட்டினார். ஆகவே மேலே எழுதியிருக்கும் புகார் அனைத்தையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். மாப்பிள்ளையை ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். உத்தியோகம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

வேன் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. வரும் வியாழக்கிழமை தங்கள் தெரு. தங்கள் பாக்கி விவரம் பார்த்தேன். இவ்வளவா என்று எனக்கே ஆச்சரியம். பெற்ற அப்பா வாசலில் வந்து நிற்க மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை, பாவம். "நீங்களே போயிட்டு வந்துடுங்க மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்களுக்கானதை நானே எழுதினேன். புதன்கிழமைக்குள் தாங்கள் கட்டிவிட்டால் வேன் தெருவுக்குள் நுழையாமல் நேரே போய்விடும். கட்டுவதும் கட்டாததும் தங்கள் இஷ்டம். ஆனால், சம்பந்தி, அது அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. வாசிக்காமல் விட எனக்கு மனசில்லை.